ஆதாமுக்கு எல்லாம் தெரியும்

ஆங்கிலத்தில் 'நோ' என்றொரு வினைச்சொல் இருக்கிறது. 'முடியாது' என்று தலையாட்டுகிற நோ அல்ல, 'தெரியும்' என்கிற நோ. அதன் தலைமாட்டில் ஒரு 'கே' நிற்கும். எழுதுவார்கள், வாயால் சொல்ல மாட்டார்கள். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் 'கே'யையும் சேர்த்துத்தான் உச்சரித்தார்கள். பதினேழாம் நூற்றாண்டுவாக்கில் அது சத்தமில்லாமல் கழன்றுகொண்டது. எழுத்தில் இருக்கலாம், பேச்சில் வரக்கூடாது என்ற ஏற்பாடு வேறு எந்தச் சொல்லையும்விட இதற்குத்தான் பொருந்தும். பைபிளில் அது பார்த்த வேலை அப்படி.

ஆதியாகமம் நாலாம் அதிகாரத்தைத் திறந்தால் முதல் வசனத்திலேயே விவகாரம். தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்ட கையோடு ஆதாம் ஏவாளை 'அறிந்தான்'. அவள் கர்ப்பமானாள். காயீன் பிறந்தான். முதல்முறை படிக்கிறவனுக்கு ஒன்றும் புரியாது. உலகத்தில் அன்றைக்கு இருந்ததே இரண்டு பேர். அதில் ஒருத்தி இவன் விலா எலும்பிலிருந்து வந்தவள். ஒரே பழத்தைச் சேர்ந்து கடித்து ஒன்றாக வீட்டைக் காலி செய்தவர்கள். இனிமேல்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

எபிரேய மூலத்தில் அங்கே இருப்பது 'யாதா' என்ற வினை. பழைய ஏற்பாடு நெடுக 900 தடவைக்கு மேல் வருகிறது. ஆண்டவருக்குத் தெரியும், தீர்க்கதரிசிக்குத் தெரியும், மாட்டுக்குக்கூடத் தன் எஜமானைத் தெரியும், இஸ்ரவேலுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்று ஏசாயா புலம்புவது உட்பட, அநேகமாக எல்லாமே யோக்கியமான தெரிதல். விரல்விட்டு எண்ணும்படியான சில இடங்களில் மட்டும் அந்த வினை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. எபிரேயனுக்கு வேறு சொல் கிடைக்காமல் இல்லை. 'அவளோடு படுத்தான்' உண்டு, 'அவளிடத்தில் போனான்' உண்டு. மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, இடத்துக்கு ஏற்றபடி எடுத்துப் போட்டிருக்கிறான் அந்த எழுத்தாளன். சாதாரண ஆள் அல்ல.

யூதா கதையைப் பாருங்கள். விதவை மருமகள் தாமார் முக்காடு போட்டு வழியோரம் உட்கார்ந்திருக்கிறாள். மாமனாருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. ஒரு ஆட்டுக்குட்டிக்குப் பேரம் பேசி, அதுவும் கையில் இல்லாததால் முத்திரை மோதிரத்தையும் கோலையும் அடகு வைத்துவிட்டு, அவளிடத்தில் 'போனான்'. மூன்று மாதம் கழித்து மருமகள் கர்ப்பம் என்று கேள்விப்பட்டு, கொளுத்துங்கள் அவளை என்று குதிக்கிறார் பெரிய மனிதர். அடகுப் பொருள்கள் நிதானமாக வந்து சேர்கின்றன. மாமனார் வாயடைத்துப்போகிறார். அதன் பிறகு அவளை அவர் 'அறியவில்லை' என்கிறது கதை. யாரென்று தெரியாதபோது போனார். தெரிந்த பிறகு அறியவில்லை. இவ்வளவு கிண்டலை ஒரே வினையில் வைத்தவனைப் பக்திமான் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

லோத்து கதை இன்னும் மோசம். சோதோம் ஊர்க்காரர்கள் வீட்டைச் சூழ்ந்துகொண்டு, வந்திருக்கிற விருந்தாளிகளை நாங்கள் 'அறிய' வேண்டும், வெளியே அனுப்பு என்கிறார்கள். லோத்து பதிலுக்கு, புருஷனை 'அறியாத' இரண்டு பெண்கள் எனக்கு இருக்கிறார்கள், அவர்களை அனுப்புகிறேன் என்கிறான். அப்பன் லட்சணம் அது. அதே பெண்கள் அதே அதிகாரத்தின் கடைசியில் ஒரு குகையில் வைத்து அப்பனுக்கு மது ஊற்றிக்கொடுத்து வம்சம் வளர்க்கிறார்கள். பெரியவள் வந்து படுத்ததும் எழுந்துபோனதும் அப்பனுக்குத் 'தெரியாது'. அங்கேயும் அதே வினை. இதில் 'எழுந்துபோனது' என்ற எபிரேயச் சொல்லின் மேல் ஒரு புள்ளி உண்டு. தொன்றுதொட்டுச் சுருள்களைப் படியெடுப்பவர்கள் பத்திரமாக வைத்துவரும் புள்ளி. எதற்கு என்று தல்மூது பண்டிதர்கள் சொல்லியிருக்கிறார்கள்: படுத்தது வேண்டுமானால் தெரியாமல் இருந்திருக்கலாம், எழுந்தது தெரியும். தெரிந்தவன் மறுநாள் ராத்திரி எதற்குக் கோப்பையைத் தொட்டான்? ஒரே புள்ளியில் அப்பனைக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

இதையெல்லாம் கிரேக்கத்துக்குக் கொண்டுபோகும் வேலை எகிப்தின் அலெக்சாந்திரியாவில் நடந்தது. ராஜா இரண்டாம் தாலமி எருசலேமிலிருந்து 72 மூப்பர்களை வரவழைத்து, கடலோரத் தீவில் தங்கவைத்து, விருந்து போட்டு, 72 நாளில் வேலையை முடித்ததாக ஒரு பழைய கடிதம் சொல்கிறது. பிற்காலத்தில் கதைக்கு மசாலா கூடியது. ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதியும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக வந்ததாம். 72 பெரியவர்கள் எதிலாவது ஒத்துப்போனார்கள் என்பதே அற்புதம்தான். ஆதாம் விஷயத்தில் அவர்கள் வம்பே வைத்துக்கொள்ளவில்லை. 'அறிந்தான்' என்றே கிரேக்கத்திலும் போட்டுவிட்டு அடுத்த வசனத்துக்கு நடையைக் கட்டினார்கள்.

முதல் குடுமிப்பிடி ரோமில். சுமார் 383-இல் ஹெல்வீடியஸ் என்பவர் மத்தேயு முதல் அதிகாரத்தைக் கையில் எடுத்தார். மரியாள் பிள்ளை பெறும்வரை யோசேப்பு அவளை 'அறியவில்லை' என்று அங்கே இருக்கிறது. பெறும்வரை என்றால் பெற்ற பிறகு? இயேசுவின் சகோதரர்கள் என்று வேறு நாலு பேர் வருகிறார்களே? கேள்வி நியாயமானதுதான். கிடைத்த ஆள்தான் தவறு. மறுபக்கம் நின்றது ஜெரோம், திருச்சபை வரலாற்றிலேயே வாய் நீளமான பிரம்மச்சாரி. அந்த வினைக்குப் படுக்கையறைப் பொருள் உண்டு என்று ஹெல்வீடியஸ் பக்கம் பக்கமாக நிரூபித்திருந்தார் போலிருக்கிறது. அதை யாரய்யா மறுத்தது, சின்னப் பிள்ளைக்குத் தெரியுமே என்கிற தோரணையில் பிடித்துக்கொண்ட ஜெரோம், 'வரை' என்ற சின்னச் சொல்லைப் பஞ்சு பஞ்சாகப் பிரித்துப்போட்டார். ஹெல்வீடியஸ் எழுதிய நூல் இன்றைக்கு இல்லை. ஜெரோம் திட்டிய திட்டில்தான் அவர் பெயர் மிஞ்சியிருக்கிறது. பிறகு ஜெரோம் பெத்லகேமில் உட்கார்ந்து லத்தீனில் பைபிளைச் செய்தபோது அங்கேயும் அறிந்தான்தான். அடுத்த ஆயிரம் வருஷம் மேற்கு ஐரோப்பா அந்த லத்தீனைத்தான் கேட்டது. பெரும்பாலோருக்கு லத்தீன் தெரியாது என்பதால் யாருக்கும் சங்கடமில்லை.

சங்கடம் உள்ளூர் பாஷையில்தான் ஆரம்பிக்கும். பதினாலாம் நூற்றாண்டுக் கடைசியில் திருச்சபையோடு மோதிய ஆங்கிலேயப் பாதிரி விக்ளிஃபின் ஆட்கள் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு, சொல்லுக்குச் சொல், பெயர்த்தார்கள். ஆதாமுக்கும் 'நோ' என்ற வினை அப்போது கிடைத்தது. விக்ளிஃப் 1384-இல் படுக்கையில் நிம்மதியாகச் செத்தார். அது திருச்சபைக்குப் பொறுக்கவில்லை. 1428-இல் எலும்பைத் தோண்டியெடுத்து எரித்து, சாம்பலை ஸ்விஃப்ட் ஆற்றில் கரைத்தார்கள். 44 வருஷம் தாமதமான தண்டனை. நம் ஊர் சிவில் வழக்குகளோடு ஒப்பிட்டால் வேகம்தான்.

அப்புறம் வந்தார் வில்லியம் டிண்டேல். ஏர் ஓட்டுகிற பையனுக்குப் பாதிரியைவிட அதிகம் வேதம் தெரியும்படி செய்கிறேன் என்று ஒரு பாதிரியிடமே சவால் விட்ட மனிதர். லண்டன் பிஷப் டன்ஸ்டலிடம் ஆதரவு கேட்டுப் போனார். வீட்டில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார் பிஷப். ஜெர்மனிக்குப் போய் 1525-இல் கோலோனில் புதிய ஏற்பாட்டை அச்சுக்குக் கொடுத்தால், கோக்ளேயஸ் என்ற எதிரி அச்சுக்கூடத் தொழிலாளர்களுக்கு ஒயின் வாங்கிக்கொடுத்து ரகசியத்தைக் கறந்துவிட்டார். அச்சான தாள்களை அள்ளிக்கொண்டு ரைன் நதியில் படகேறி ஓடி, வோர்ம்ஸ் ஊரில் 1526-இல் புத்தகத்தை முடித்தார் டிண்டேல். அது துணி மூட்டைகளுக்குள் ஒளிந்து இங்கிலாந்து போனது. பிஷப் டன்ஸ்டல் எரிப்பதற்காக ஒரு வியாபாரியிடம் காசு கொடுத்துப் பிரதிகளை மொத்தமாக வாங்கினார் என்றும், அந்தக் காசில் டிண்டேல் திருத்திய பதிப்புக்கு ஏற்பாடு செய்தார் என்றும் ஹால் என்ற சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். பதிப்பாளருக்கு இதைவிட நல்ல வாசகர் கிடைக்கமாட்டார்.

1530-இல் ஆதியாகமம் வந்தது. எபிரேயத்திலிருந்து நேராக ஆங்கிலத்துக்கு வந்த முதல் அச்சுப் புத்தகம். ஏவாளிடம் வந்தபோது டிண்டேல் அறிதலைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஆதாம் மனைவியோடு 'படுத்தான்' என்று எழுதினார். சோதோம்காரர்கள் வாயிலும் அறிதல் இல்லை. எங்கள் இச்சையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று பச்சையாகவே கேட்கிறார்கள். இத்தனைக்கும் அவர் மேஜையில் லூதரின் ஜெர்மன் இருந்தது. துறவறத்தை விட்டுக் கன்னிகாஸ்திரியைக் கட்டி ஆறு பிள்ளை பெற்ற லூதர், கெட்ட வார்த்தைக்குக் கொஞ்சமும் அஞ்சாத லூதர், இந்த இடத்தில் மட்டும் அடக்கமாக 'அறிந்தான்' என்று போட்டிருந்தார். பிரம்மச்சாரி டிண்டேல்தான் உடைத்துச் சொன்னார். ஏர் ஓட்டுகிற பையன் மாட்டுத் தொழுவத்தில் வளர்ந்தவன். அவனிடம் மழுப்பி என்ன பிரயோஜனம்?

டிண்டேலின் ஆதியாகமம் வந்த அதே காலத்தில், இங்கிலாந்து அரசியல் மொத்தமும் இந்த வினைச்சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டாம் ஹென்றிக்கு அண்ணன் ஆர்தர். ஆர்தருக்கும் ஸ்பெயின் இளவரசி கேத்தரினுக்கும் 1501 நவம்பரில் கல்யாணம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பதினைந்து வயது. ஐந்தே மாதத்தில் மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தான். சீதனத்தைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாத மாமனார் பெண்ணைத் தம்பிக்கே நிச்சயம் செய்தார். அண்ணன் மனைவியைக் கட்டப் போப்பாண்டவர் அனுமதி வேண்டும். போப் இரண்டாம் ஜூலியஸ் 1503-இல் கொடுத்தார். முந்தின கல்யாணம் 'ஒருவேளை' உடலால் நிறைவேறியிருந்தாலும் பரவாயில்லை என்று அதில் ஒரு வார்த்தை. ஆண்டவரின் பிரதிநிதிக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

ஹென்றி 1509-இல் கட்டிக்கொண்டு இருபது வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, ஆண் வாரிசு இல்லை, ஆன் பொலினைப் பார்த்தாயிற்று என்றதும், அண்ணன் இவளை அறிந்தானா என்ற கேள்வி திடீரென்று அவர் மனச்சாட்சியைக் குடைய ஆரம்பித்தது. 1529-இல் லண்டன் பிளாக்ஃப்ரையர்ஸில் போப்பின் பிரதிநிதிகள் முன் விசாரணை. கிழட்டுப் பிரபுக்கள் வரிசையாக வந்து 28 வருஷத்துக்கு முந்தைய முதலிரவைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள். மறுநாள் காலை ஆர்தர் அறையைவிட்டு வந்து பீர் கேட்டதாகவும், ராத்திரி ஸ்பெயினின் நடுவே இருந்துவிட்டு வந்ததால் தாகம் என்று சொன்னதாகவும் ஒருவர் சத்தியம் செய்தார். பதினைந்து வயதுப் பையன் காலையில் அடித்த ஜம்பம் அரசாங்க ஆவணமாகிவிட்டது. கேத்தரின் அசையவில்லை. ஏழு இரவுக்குமேல் நாங்கள் சேர்ந்து படுக்கவில்லை, படுத்தபோதும் அவர் என்னை அறியவில்லை என்பது அவர் கட்சி. பாவம், டிண்டேலின் சொல்லும் இங்கே உதவாது. படுத்தார்கள், ஆனால் படுக்கவில்லை. நேர் வார்த்தை என்று நினைத்ததும் கடைசியில் ஒரு முக்காடுதான். கேத்தரின் நீதிமன்றத்தில் மண்டியிட்டு ராஜாவைப் பார்த்தே, நான் எப்படி வந்தேன் என்று உமக்குத் தெரியாதா என்கிற அர்த்தத்தில் பேசிவிட்டு, டவாலி பெயரைக் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். ராஜாவிடம் பதில் இல்லை. அவருக்குத் தெரியும்.

போப் விவாகரத்து தரவில்லை. ராஜா தானே தலைவராகித் தனிச் சபை வைத்துக்கொண்டார். அதோடு கணக்கு தீரவில்லை. 1540-இல் நாலாவது மனைவி கிளீவ்ஸ் ஆன். பார்த்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை. இந்தத் தடவை வழக்கு தலைகீழ்: நான் இவளை அறியவே இல்லை, ஆகையால் கல்யாணம் செல்லாது. முதல் மனைவி விஷயத்தில் அண்ணன் அறிந்தான் என்று சத்தியம், நாலாவது மனைவி விஷயத்தில் நானே அறியவில்லை என்று சத்தியம். இதற்கும் சாட்சிகள். ராஜா ராத்திரி கையைப் பிடித்து முத்தமிட்டு நல்லிரவு சொல்கிறார், காலையில் முத்தமிட்டுப் போய்வருகிறேன் என்கிறார், இது போதாதா என்று ஆன் தோழிகளிடம் கேட்டாளாம். அம்மா, இதற்குமேல் ஏதாவது நடந்தால்தான் இந்த நாட்டுக்கு இன்னொரு இளவரசன் கிடைப்பான் என்றாளாம் ஒரு தோழி. வக்கீல்கள் ஜோடித்த வாக்குமூலம் என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ ஆன் அப்பாவி அல்ல, அதிபுத்திசாலி என்றே படுகிறது. ஆறு மாதத்தில் வெளியே வந்து, வீடும் மானியமும் வாங்கிக்கொண்டு, கழுத்தில் தலையோடு காலம் தள்ளினாள்.

டிண்டேலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. போப்பைத் திட்டியவர், ஹென்றியின் விவாகரத்தும் வேதத்துக்கு விரோதம் என்று எழுதி இரண்டு பக்கமும் கெடுத்துக்கொண்டிருந்தார். 1535-இல் ஆன்ட்வெர்ப்பில் ஹென்றி ஃபிலிப்ஸ் என்ற ஆள் சிநேகிதனாக நடித்து, அன்று காலை அவரிடமே 40 ஷில்லிங் கடனும் வாங்கிக்கொண்டு, காட்டிக்கொடுத்தான். பிரஸ்ஸல்ஸ் பக்கம் வில்வோர்டு கோட்டைச் சிறையிலிருந்து டிண்டேல் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தலை குளிருகிறது, கனமான குல்லாய் வேண்டும். ராத்திரிக்கு விளக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக எபிரேய பைபிள், இலக்கணம், அகராதி வேண்டும். 1536 அக்டோபரில் கழுத்தை நெரித்து, பிறகு எரித்தார்கள். அடுத்த வருஷமே அவர் மொழிபெயர்ப்பின் பெரும்பகுதி வேறு பெயரில், ஹென்றியின் அனுமதி முத்திரையோடு, லண்டனில் விற்பனைக்கு வந்தது.

ஜெனீவாவில் அடைக்கலம் புகுந்திருந்த சீர்திருத்தக்காரர்கள் 1560-இல் ஆதாமை மறுபடி அறியவைத்தார்கள். பிறகு முதலாம் ஜேம்ஸ் ராஜா 1604-இல் கூட்டிய கூட்டத்திலிருந்து பிறந்தது 1611 பைபிள். ஆறு குழு, 47 அறிஞர்கள். ஆதியாகமம் வந்த குழுவுக்குத் தலைவர் லான்சலாட் ஆண்ட்ரூஸ், கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாதவர். டிண்டேலிடமிருந்து எவ்வளவோ வாக்கியங்களைச் சேதாரமில்லாமல் எடுத்துக்கொண்ட அந்தப் பெரியவர்கள் இந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். ஆதாம் அறிந்தான். சோதோம்காரர்களும் அறியத்தான் வந்தார்கள்.

சட்டத்துக்கு இந்த நாசூக்கு கட்டுப்படியாகவில்லை. சாட்சிக் கூண்டில் நிற்கிறவனிடம் இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று கேட்டால், தெரியும் ஐயா, பக்கத்துத் தெரு என்பானே. அதனால் எலிசபெத் ராணி காலத்து 1576 சட்டத்திலேயே முன்னால் ஒரு அடைமொழியைத் தைத்திருந்தார்கள்: 'மாம்சப்படி அறிதல்'. ஆங்கிலேயச் சட்டப் புத்தகங்களில் அது நூற்றாண்டுக் கணக்கில் குடியிருந்தது. கூடவே ஜேம்ஸ் பைபிளுக்கு இன்னொரு விபத்து. 1631-இல் ராஜாங்க அச்சகத்தார் பத்துக் கட்டளையில் ஒரு 'இல்லை'யை விட்டுவிட, விபசாரம் செய்வது கட்டளையாகிவிட்டது. அபராதம் 300 பவுண்டு. அந்த அச்சுக்காரர் பார்க்கர் பின்னால் கடன்காரர் சிறையில் செத்தார்.

அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர், அகராதிக்காரர், 1833-இல் பைபிளுக்கு ஒட்டடை அடித்தார். நாறுகிறது என்ற சொல்லைக்கூட குடும்பங்கள் கேட்கக்கூடாது என்று மாற்றியவர். சுவரோரம் சிறுநீர் கழிக்கிறவன் என்று ஆண்களைக் குறிக்கும் எபிரேய வழக்கை 'ஆண்கள்' என்று துடைத்தார். (நம் பழைய தமிழ் பைபிளில் அந்த இடத்தில் நிற்பது ஒரு நாய். அது நாயின் பாடு.) அப்படிப்பட்ட வெப்ஸ்டர் ஆதாம் ஏவாளை அறிந்த இடத்தைத் தொடவே இல்லை. பூதக்கண்ணாடி வைத்து அழுக்குத் தேடியவர் கண்ணிலேயே படாமல் தப்பிய சொல். தமிழிலும் பழைய மொழிபெயர்ப்பில் 'அறிந்தான்' என்றே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சபையில் யார் வேண்டுமானாலும் உரக்க வாசிக்கலாம், மூப்பர் இருமத் தேவையில்லை.

1955-இல் ஷெர்வின் பெய்லி என்ற ஆங்கிலத் திருச்சபைக்காரர் ஒரு குண்டைப் போட்டார். அந்த வினை 900-க்குமேல் வரும் இடங்களில் படுக்கைப் பொருள் பத்துப்பன்னிரண்டில்தான் வருகிறது. ஆகவே சோதோம்காரர்கள் வந்தது அந்நியர்கள் யார், எவர் என்று விசாரிக்கத்தான், அவர்கள் குற்றம் விருந்தாளியை அவமதித்தது என்றார். அதாவது ஆதார் அட்டை பார்க்க வந்த கூட்டம். அப்படியானால் லோத்து ஏன் பெண்களை அனுப்புகிறேன் என்றான் என்று மற்றவர்கள் கேட்டார்கள். வாதம் முழுசாக நிற்கவில்லை. ஆனாலும் ஒருபாலுறவு பற்றிய சட்டத்தை இங்கிலாந்து மறுபரிசீலனை செய்த நாட்களில் பெய்லியின் ஆராய்ச்சி காற்றைத் திருப்பியது உண்மை. 1967-இல் சட்டம் தளர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது, அல்லது வந்ததாக நினைத்தார்கள். 1976-இல் வந்த எளிய ஆங்கிலப் பதிப்பில் ஆதாம் உடலுறவு கொண்டான், இன்ஸ்பெக்டர் எழுதிய மகஜர் மாதிரி. 1978-இல் புதிய சர்வதேசப் பதிப்பு, ஆதாம் மனைவியோடு 'படுத்தான்' என்றது. டிண்டேலின் சொல், 448 வருஷம் கழித்து, அமெரிக்கச் சுவிசேஷப் பெருங்குழுவின் ஒப்புதலோடு திரும்பி வந்திருக்கிறது. அதுவும் நிலைக்கவில்லை. 2011 திருத்தத்தில் சினிமாப் பாணியில் 'காதல் செய்தான்' என்கிற வழக்குக்கு மாற்றினார்கள். ஆதாமுக்கு அது சரி, வேறு ஆள் கிடையாது.

ஆனால் அதே கையோடு யாக்கோபின் கூடாரத்துக்குள்ளும் அந்தச் சொல்லைக் கொண்டுபோனார்கள். ராகேலுக்காக ஏழு வருஷம் ஆடு மேய்த்தவன் யாக்கோபு. கல்யாண ராத்திரி இருட்டில் மாமனார் லாபான் மூத்தவள் லேயாளை உள்ளே அனுப்பிவிட்டார். எபிரேயத்தில் அங்கே 'அறிந்தான்' இல்லை, வெறும் 'போனான்'தான். மூலாசிரியனுக்கு வேறுபாடு தெரியும். 2011 பதிப்பில் யாக்கோபு லேயாளோடு 'காதல்' செய்கிறான். பொழுது விடிந்து முகத்தைப் பார்த்ததும், ஏன் என்னை ஏமாற்றினீர் என்று மாமனாரிடம் பாய்கிறான். எங்கள் ஊரில் மூத்தவள் இருக்க இளையவளைக் கட்டிக்கொடுக்கிற வழக்கமில்லை மாப்பிள்ளை என்றார் லாபான், இன்னொரு ஏழு வருஷத்துக்கு ஒப்பந்தம் பேசிக்கொண்டே.